தம்பி நின்ற இடம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வருஷத்துக்கும் மேலாக, சரியான அளவு எது என்பதற்கு என் தம்பிதான் சாட்சி. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவனுக்கும் வந்தது. எனக்கு மட்டும் இப்போது வருவதில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் எனக்கு வேலை. லிம்போமா என்று நிணநீர்க் கணுக்களில் வரும் ஒரு புற்றுநோய் உண்டு. அந்தக் கணுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி எங்களிடம் அனுப்புவார்கள். அதைச் செல் செல்லாகப் பிரித்து, சாயம் ஏற்றி, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். அளப்பது மெஷின். அதற்கு ஊட்டிவிடுவது, துடைப்பது, அடம்பிடித்தால் திட்டுவது எல்லாம் நான். இந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் வேறு சாயம் போட்டே நோயின் வேகத்தைக் கணிக்கிறார்கள். எங்கள் டாக்டர் பழைய ஆள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு மனசு ஒப்பும்.

அளப்பது என்றால் அளவுகோல் வேண்டும். நோயில்லாத ஒருவரின் இரத்தத்தில் இருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, ஆல்கஹாலில் போட்டு, சின்னச் சின்னக் குழாய்களாக ஃப்ரீசரில் வைத்துக்கொள்வோம். நோயாளியின் செல்லை ஓட்டுவதற்கு முன்னால் அதில் கொஞ்சம் ஓட்டுவோம். அதன் கோடு எங்கே எழும்புகிறதோ அதுதான் மனுஷனுக்குரிய அளவு. இந்த இரத்தத்தை எங்கிருந்தும் வாங்குவதில்லை. வேலை செய்கிறவர்கள் முறை வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தத் தடவை என் முறை. எனக்கோ இரத்தசோகை. உடன் வேலை செய்யும் பெண் கர்ப்பமாக இருந்தாள். ஆகவே ஒரு திங்கட்கிழமை காலையில் தம்பியை இழுத்துக்கொண்டு போனேன்.

அவன் பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் சூப்பர்வைசர். சனிக்கிழமை மலையிறங்கிக் கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவான், திங்கட்கிழமை ஏறிப் போவான். அந்த வளைவுப் பாதைக்கு பஸ் குறைவு. வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு அவன் யோகக்காரன். பெரும்பாலும் நின்றுகொண்டேதான் வருவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கால் கடுக்கறதுடீ" என்று பெண்டாட்டியிடம் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அவள் எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பிடித்துவிடுவாள். எங்கள் தெருவில் இப்படிக் கால் பிடித்துவிடுகிற பெண்களின் கடைசி தலைமுறை அவள். கேலி செய்தால் எனக்கும் சேர்த்துப் பிடித்துவிடுவாள், அதனால் கேலி செய்வதில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்கு அக்காவான எனக்குக் கல்யாணம் இல்லை. மூன்று பேரும் ஒரே வீட்டில், சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தோம்.

இரத்தம் கொடுத்த அடுத்த வாரம் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். நான் அரிசி அளந்துகொண்டிருந்தேன்.

"என் ரத்தத்தை என்ன பண்ணினே?"

கையில் நாழி இருந்தது. அதை வைத்தே சொன்னேன்.

"ஒரு செல்லுக்கு ஒரு நாழி. மனுஷாளாப் பொறந்த எல்லாருக்கும் அதே ஒரு நாழிதான். செல் ரெண்டாப் பிரியணும்னா, முதல்ல ரெண்டு நாழியா அளந்து வெச்சுக்கணும். அளந்துண்டே இருக்கறதெல்லாம் ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவில நிக்கும்."

"என்னுது?"

"உன்னுது அத்தனையும் ஒரு நாழியில நிக்கறது. அசையலை."

மொபைலில் படத்தைக் காட்டினேன். இடது பக்கம் ஒரே ஒரு கோடு, உலக்கையை நட்டு வைத்ததுபோல நேராக நின்றது. அதற்கு வலப்புறம் வெறும் தரை.

"அப்போ நான் ஸ்டாண்டர்டாக்கும்" என்றான்.

"கொலைகாரனுக்கும் ஒரு நாழிதான், கோவில் மேல்சாந்திக்கும் ஒரு நாழிதான். அதுக்கும் தேக ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை, மனஸிலாச்சா?"

அவன் காதில் முதல் பாதிகூட ஏறவில்லை. தெருவெல்லாம் சொல்லிவிட்டான். திருவனந்தபுரத்தில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் தன்னை வைத்துத்தான் அளக்கிறார்கள் என்று எஸ்டேட்டிலும் சொல்லியிருக்கிறான். கேட்டவர்களும் மரியாதையாகத் தலையாட்டியிருக்கிறார்கள். மனுஷனுக்குத் தனக்குப் பிடித்தது மட்டும்தான் காதில் விழும்.

இதைச் சொல்வது சிரிப்புக்காக அல்ல. அந்தப் பேச்சு அவனுடைய பல மாதங்களைத் தின்றுவிட்டது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளி எங்கள் வீட்டில் தவறாது. அப்படி எண்ணெய் தேய்த்துவிடும்போது, கழுத்தின் இடதுபக்கத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி அவன் மனைவியின் கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. இந்த நோயின் குணமே அதுதான், வலித்திருந்தால் மனுஷன் ஓடி வந்திருப்பான். "அக்காகிட்ட சொல்லட்டுமா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "எதுக்கு? அக்கா ஆபீஸ்லதானே ரத்தம் எடுத்தா? நார்மல்னு படமே காட்டினாளே, நீயும் பார்த்தாயே" என்று அவன் சொல்லியிருக்கிறான். அவளும் பார்த்தவள்தானே. நம்பிவிட்டாள். சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை மஞ்சளும் சுண்ணாம்பும். அதற்கடுத்த சனிக்கிழமை இன்னொன்று. ஒரே கூரைக்குக் கீழே நான் இருக்கிறேன், காலையில் எழுந்து போவது புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

நானாகக் கண்டுபிடித்தேன். மே மாதத்தில், வேர்த்து வழிகிற வீட்டுக்குள், ஒருவன் சட்டைக் காலரின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்தான். பாக்கு இல்லை அது, எலுமிச்சங்காய். அதன் கீழே தோளெலும்புப் பள்ளத்தில் இன்னும் இரண்டு. நான் கத்திய கத்தலில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"தேஷ்யப்படாதே அக்கா. நார்மல்னு நீதானே சொன்னே."

அந்த வாக்கியம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லவில்லை என்பதால் என்ன பிரயோஜனம்?

கணுவை வெட்டியெடுத்து அனுப்பிய அன்று, சொந்தத் தம்பியின் மாதிரியை நான் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நியாயம்தான். உடன் வேலை செய்யும் பெண்தான் ஓட்டினாள். அவள் அப்போது பிரசவம் முடிந்து திரும்பி வந்திருந்தாள். நான் வெளியே, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கையுறையோடு வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"சேச்சி, கன்ட்ரோல் குழாய் எடுத்தேன். வரிசையில அடுத்தது சேட்டனோடதுதான். வேற யாரோடதும் இப்போ இல்லை. எடுக்கட்டா?"

எடு என்றேன். வேறு என்ன சொல்வது? கெட்டுப்போன தம்பியை, கெடாத தம்பியை வைத்து அளந்தார்கள்.

முடிவை டாக்டர் தம் அறையில் என்னிடம் காட்டினார். நல்ல உலக்கை அதன் இடத்தில் நின்றது. அதற்கு வலப்புறம் இன்னொரு உலக்கை, பருமனாக. ஒரு நாழிக்கும் மேலே, இரண்டுக்கும் கீழே, எந்த மனுஷக் கணக்கிலும் சேராத ஓர் அளவு. அதற்கும் அப்பால், வெறும் தரையாக இருக்க வேண்டிய இடத்தில், தடித்த மேடு. இரட்டிப்பதற்காக அளந்துகொண்டே நிற்கும் செல்களின் கூட்டம் அது. எங்கள் கணக்கில் அந்தக் கூட்டத்தின் பங்குதான் முக்கியம். பங்கு குறைவு என்றால் நோய் மெதுவாக நகர்கிறது. அதிகம் என்றால் ஓடுகிறது.

"உலக்கை தள்ளி நிற்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்" என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னார். "இந்த மேட்டைத்தான் பார்க்கிறேன். தகடும் இதையேதான் சொல்கிறது. ரொம்ப வேகம். ஆனால் ஒன்று, மெதுவாகப் போகிறது பல வருஷம் கூடவே இருக்கும், அடியோடு போகாது. மருந்து பிடிப்பது பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத்தான். அதனால் வேகமானது ஒன்று முழுசாகப் போகும், இல்லாவிட்டால்…"

மீதியை அவர் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு இந்தப் படத்தை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன், மீதியை நானும் யாருக்கும் சொன்னதில்லை.

வீட்டில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம் அக்கா. வெறுதே பயந்துடுவார். நீர்க்கட்டின்னு சொல்லிடுங்கோ." எங்கள் ஆட்களிடம் இது ஒரு வியாதி. நோய் வந்தவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் நோய் தெரிந்திருக்கும். தெருவில் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். அவனிடம் மட்டும் இளித்துக்கொண்டு நிற்போம். மற்றவர்கள் வீட்டில் அது நடக்கும். எங்கள் வீட்டில் நடக்காது, ஏனென்றால் அவனுக்குப் படம் பார்க்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவனே கேட்டான்.

"என் பழைய படம் எனக்குத் தெரியும். புதுசைக் கொண்டா."

கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"நாழி பிசகிப் போச்சா?"

"பிசகிடுத்து."

"நடுவில ஏன் இத்தனை கூட்டம்?"

"அளந்துண்டு நிக்கறது. வேகமா வளர்றது."

டாக்டர் சொன்னதை, அவர் சொல்லாமல் விட்ட மீதியையும் சேர்த்துச் சொன்னேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "செரி. பொன்முடி பஸ் மாதிரி காத்துண்டு நிக்க வேண்டாம். வருமா வராதான்னு சீக்கிரம் தெரிஞ்சுடும்" என்றான். பேச்சு அதோடு முடிந்திருந்தால் தாங்கியிருப்பேன். விரலை இடது பக்கத்து உலக்கை மேல் வைத்தான்.

"இது யாரு? நேரா நிக்கறானே."

"அதுவும் நீதான். அன்னிக்குக் குடுத்த ரத்தம்."

அவன் விரலை எடுக்கவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவா" என்று சிரிக்கப் பார்த்தான். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவன் மனைவி, நான் படத்தைக் காட்டியதற்காக, வெகு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு தடவையிலேயே எலுமிச்சங்காய் கரைந்துவிட்டது. கண்ணால் பார்த்தேன். எத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தாலும், வீட்டு ஆளின் கழுத்தில் கட்டி கரைவதைப் பார்க்கும்போது படித்தது எல்லாம் மறந்துபோகிறது. அவன் மனைவி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினாள். அன்றைக்குத்தான் என்னோடு பழையபடி பேசினாள். நான் பிரார்த்தனைக்காரி இல்லை, ஆனாலும் வடையைத் தின்றேன். அவன் தலைமுடி எல்லாம் போய் மொட்டையாக வாசலில் நின்றபோது, தெருமுனை மாமி "திருப்பதி போயிருந்தாயா?" என்று கேட்டாள். "போகலை மாமி, அவரே வந்து எடுத்துண்டு போயிட்டார்" என்றான். மாமிக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. புரிந்ததும் ஒரு டப்பா நிறையத் தேன்குழல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதுவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரி வரிசைகள்தான் அவனைக் கொன்றன. இரத்தப் பரிசோதனைக்கு வரிசை, மருந்துச் சீட்டுக்கு வரிசை, டாக்டரைப் பார்க்க வரிசை. நான் அங்கே வேலை செய்கிறவள், முன்னால் அழைத்துப் போயிருக்கலாம். அவன் ஒப்பவில்லை. "எல்லாரும் நிக்கறா, நானும் நிக்கறேன்." வீட்டுக்கு வந்ததும் அதே பழைய வார்த்தை, கால் கடுக்கறதுடீ. அவள் எண்ணெயைச் சுடவைப்பாள்.

மருந்து முடிந்து தீபாவளி வரைக்கும் நன்றாக இருந்தான். எஸ்டேட்டுக்குக்கூட ஏறினான். பிறகு ஒரு சனிக்கிழமை, மலையிறங்கி வந்தவன் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வளைவுகளில் மூச்சு முட்டியது என்றான். இடுப்பில் கட்டி, வயிற்றுக்குள் கட்டி. இரண்டு காலும் வீங்கி, அழுத்தினால் விரல் பள்ளம் அப்படியே நின்றது. மறுபடியும் துண்டு வெட்டினார்கள், மறுபடியும் அதே பெண் ஓட்டினாள். மறுபடியும் அதே தம்பி இடது பக்கத்தில் நேராக நின்றான். மேடு மட்டும் முன்னைவிட உயர்ந்திருந்தது. மருந்துக்குத் தப்பிப் பிழைத்தவை எல்லாம் சேர்ந்து வந்திருந்தன. டாக்டர் "எந்து செய்யாம்" என்று மட்டும், என்ன செய்ய முடியும் என்பதுபோல, சொன்னார். அவருக்கு நெஞ்சு இல்லாமல் இல்லை. அந்த இடத்தில் வேறு வார்த்தை யாரிடமும் இல்லை.

வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. "பாசிட்டிவா இருங்க" என்று சொல்லிக்கொண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவன் எல்லோரையும்விட பாசிட்டிவாகத்தான் இருந்தான். செல்லுக்கு அதெல்லாம் தெரியாது.

ஒரு பகல், சாப்பாட்டு நேரத்தில், அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். அவளுக்கு உடனே தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை இல்லாததால் சித்தப்பா பையன் காரியங்களைச் செய்தான். அஸ்தியைத் திருவல்லத்தில் ஆற்றில் கரைத்தாயிற்று. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், ஆய்வகத்துப் பெண் துக்கம் கேட்க வந்தாள். நல்ல பெண். நல்ல மனசோடுதான் பேசினாள். தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, மலையாளமும் தமிழுமாகச் சொன்னாள்.

"சேட்டன் எங்களை விட்டுப் போகலை சேச்சி. சேட்டனோட செல் இப்பவும் எங்க ஃப்ரீசர்ல உண்டு."

தம்பி மனைவி அவளை வாசல்வரை போய் வழியனுப்பினாள். காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அவர் அங்க மிச்சம் இருக்காரா?"

"ஒண்ணும் இல்லை. போன வருஷம் எடுத்த ரத்தம். நாலைஞ்சு குழாய்."

"அப்போ கரைச்சது முழுசா கரைக்கலை."

"அது அவன் இல்லைடீ."

"பின்னே யாராக்கும்?"

அளவு மாறாத, ஒரு குறையும் இல்லாத செல்கள். கடைசி மாதங்களில் படுக்கையில் கிடந்ததைவிட அதுதான் அதிகம் அவன் என்று எனக்கே பட்டது.

"கொண்டு வந்து தாங்கோ. ஆத்துல விடணும். பாதி இங்கே பாதி அங்கேன்னு அவர் எப்படிப் போவார்?"

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "கொண்டு போவதானால் நான் அனுமதி எழுதித் தருகிறேன். புது இரத்தம் எடுத்துப் பக்குவப்படுத்திச் சரிபார்க்கக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் வருகிற மாதிரிகளை நிறுத்தி வைக்க வேண்டியதுதான். நீயே யோசித்துச் சொல்" என்றார். எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. நிறுத்தி வைத்தால் யாரோ ஒருவருக்கு மருந்தைத் தீர்மானிப்பது தாமதமாகலாம். தாமதம் என்ன செய்யும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்தாயிற்று. அதற்காக இவளிடம் போய், உன் புருஷனைத் தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் வீட்டுக்கு வந்து, "நீயே வந்து பாரு" என்றேன்.

வந்தாள். கரமனையில் இருந்து பஸ் முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆய்வகத்தில் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அன்று காலையில் வந்த ஒரு மாதிரி காத்திருந்தது. நான் ஃப்ரீசரில் இருந்து குழாயை எடுத்தேன். அவள் கை நீட்டினாள். கையுறை போட்ட என் கையில் வைத்துக் காட்டினேன். அடியில் வெண்மையாகப் படிந்திருந்தது.

"இத்தனூண்டா" என்றாள்.

சாயம் ஏற்றி, இருட்டில் வைத்திருந்து, மெஷினில் ஓட்டினேன். திரையில் புள்ளி புள்ளியாக விழுந்து, விழுந்து, கோடு எழும்பியது. அதே இடம். அன்று சமையலறையில் காட்டிய அதே இடத்தில், நேராக.

"இது அவரா?"

"ஆமாம்."

அவள் திரையைத் தொடவில்லை. இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் மடித்துக்கொண்டு நின்றாள். அடுத்ததாக நோயாளியின் மாதிரியை ஓட்டினேன். அது என்ன காட்டியது என்பது இங்கே வேண்டாம்.

"அது யாரோடது?"

"தெரியாது. எங்களுக்கு நம்பர்தான்."

"அவாத்துலயும் யாராவது காத்துண்டிருப்பா."

"இருப்பா."

"ஓட்டின சேஷம் எங்கே போறது?"

பொய் சொல்லியிருக்கலாம். மெஷினுக்கு அடியில் இருந்த கேனைக் காட்டினேன். பிளீச் ஊற்றி வைத்திருக்கும் கேன் அது. எல்லார் செல்லும் அதில்தான் போய்ச் சேரும், பிறகு சாக்கடைக்கு. அவள் அதைப் பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன், கத்தினால்கூடத் தேவலை என்று நினைத்தேன். அவள் மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தனை நாள் இப்படி நிப்பார்?"

"குழாய் தீர்ற வரைக்கும்."

"தீர்த்துடுங்கோ அக்கா. எனக்குத் தர வேண்டாம், அவாளுக்கே ஆகட்டும். ஆனா புதுசா யார்கிட்டயாவது சீக்கிரம் எடுத்துக்கோங்கோ. இவரை நிக்க வெச்சிண்டே இருக்காதேங்கோ. கால் கடுக்கும் அவருக்கு."

நான் திரும்பி மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

அந்தக் குழாய்களை நானேதான் எடுத்து ஓட்டினேன், வேறு யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் போய்த் தன் இடத்தில் நின்றான். பக்கத்தில் யார் யாரோ வந்து, சிலர் அவனோடு ஒட்டியும் சிலர் தள்ளியும் நின்றுவிட்டுப் போனார்கள். அதற்குள் புது இரத்தம் கிடைத்தது, ஆய்வகத்துப் பெண்ணின் கணவன் கொடுத்தான். அவனிடம் நானே உட்கார்ந்து, இது சர்டிபிகேட் இல்லை, உடம்பில் எங்கே கட்டி வந்தாலும் ஓடி வர வேண்டும் என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவன் பயந்துபோய்த் தலையாட்டினான்.

கடைசிக் குழாயை ஓட்டிய அன்று வழக்கம்போல பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அவள் அடுப்பில் ரசம் வைத்திருந்தாள்.

"தீர்ந்துடுத்து" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள், சாவுச் செய்தி கேட்டவர்கள் போவதுபோல. அவள் வந்த பிறகு நானும் போய்க் குளித்தேன்.